சர்க்கார் பள்ளிகளை அளக்கும் கோல்

வருஷந்தோறும் பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு கணக்கு பெரிதாகப் பேசப்படுகிறது. சர்க்கார் பள்ளிகளில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்தது, எத்தனை பேர் சென்னை ஐ.ஐ.டி.யிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் நுழைந்தனர் என்பதே அக்கணக்கு. தொகை ஏறினால் ஆளுங்கட்சியார் மார் தட்டுகின்றனர். இறங்கினால் எதிர்க்கட்சியார் சட்டசபையில் கேள்வி கேட்கின்றனர். மற்றெல்லா விஷயங்களிலும் பிணங்கி நிற்கும் இரு சாராரும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப் போகின்றனர். சர்க்கார் பள்ளிகளின் தரத்தை அளப்பதற்கு இத்தொகையே ஏற்ற கோல் என்பது இருவருக்கும் முடிந்த முடிவாக இருக்கிறது. அந்தக் கோல் நேரானதுதானா என்பதை நம் வாசகர்கள் சற்று நிதானமாக யோசிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

யோசனையைச் சென்னையில் தொடங்காமல் தர்மபுரி ஜில்லாவிலுள்ள வத்தல்மலையில் தொடங்குவோம். கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த இம்மலை 3,000 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. மேலே சிறு சிறு ஊர்களாகப் பிரிந்து வசிப்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரள தேசத்தவர் என்று மயங்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களுடைய மரபு. சாமையும் கேழ்வரகும் காப்பியும் மிளகும் அவர்கள் பயிர். நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும், உப்பும் சீமையெண்ணெயும் சுமந்துகொண்டு ஏறுவதும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்ட வாழ்வு. மோட்டார் செல்லும் சாலை இந்த நூற்றாண்டில்தான் மலைமேல் ஏறிற்று. 2021-ஆம் வருஷத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அங்கே சென்றபோது, முதலமைச்சர் ஒருவர் இம்மலைக்கு வருவது இதுவே முதல் தடவை என்று சொன்னார்கள். சுயராஜ்யம் வந்து 74 வருஷங்களுக்குப் பின் நடந்த விஷயம் இது.

இம்மலையின் பள்ளியை நாம் மேலே சொன்ன கோலால் அளந்து பார்ப்போம். மலை முழுவதும் சேர்த்தாலும் ஒரு வருஷத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் வயதை எட்டுபவர் சில பத்துப் பேர்தாம் இருப்பர். அவர்களில் வைத்தியக் கல்லூரிக்கோ ஐ.ஐ.டி.க்கோ போகிறவர் தொகை பெரும்பாலான வருஷங்களில் பூஜ்யமாகவே இருக்கும். ஏதோ ஒரு வருஷம் ஒரு பெண் இடம் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவ்வருஷம் வத்தல்மலைப் பள்ளி பட்டணத்துப் பெரும்பள்ளிகளையெல்லாம் விஞ்சிவிடும். அடுத்த வருஷம் மறுபடி பாதாளத்தில் விழும். ஆனால் உபாத்தியாயர் மாறவில்லை, புத்தகம் மாறவில்லை, கூரையும் மாறவில்லை. ஒரு பிள்ளையின் தேர்ச்சியில் ஆகாயத்துக்கும் பாதாளத்துக்குமாக ஆடுகிற முள்ளைத் தராசு என்று யார் சொல்வார்கள்?

சிறிய மலையை எடுத்துக்கொண்டு பேசுவதால் இப்படித் தோன்றுகிறது, ராஜ்யம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கோல் சரியாகவே இருக்கும் என்று சிலர் சொல்லலாம். அதையும் பார்த்துவிடுவோம்.

2019-20-ஆம் கல்வி வருஷத்தில் தமிழ்நாட்டில் நிரப்பப்பட்ட வைத்தியக் கல்லூரி இடங்கள் 4,043. அவற்றில் சர்க்கார் பள்ளி மாணாக்கர் பெற்றவை 6. பன்னிரண்டாம் வகுப்பு எழுதுவோரில் நூற்றுக்கு 40 பேரளவில் சர்க்கார் பள்ளிகளில் படிப்பவர்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூலிக்காரர் பிள்ளைக்கும் குடியானவர் பிள்ளைக்கும் வைத்தியக் கல்லூரியின் கதவு எவ்வளவு இறுக்கமாகச் சாத்தப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை. இந்த 6 என்னும் எண்ணைச் சுட்டிக்காட்டிக் கூச்சலிட்டவர்களை நாம் ஒருநாளும் குறைகூற மாட்டோம். அது நியாயமான கூச்சல்.

அதன் பின் என்ன நடந்தது? நீதிபதி கலையரசன் குழு 2020-இல் விசாரித்து, சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு நூற்றுக்குப் பத்து இடங்களைத் தனியே ஒதுக்கலாமென்று சிபார்சு செய்தது. சர்க்கார் அதை ஏழரையாகக் குறைத்துக்கொண்டு மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் பன்வாரிலால் புரோகித் கையெழுத்திடாமல் வாரக்கணக்கில் வைத்திருந்து, கடைசியாக 2020 அக்டோபர் இறுதியில் சம்மதம் கொடுத்தார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு இச்சலுகை. அந்த வருஷமே 300-க்கு மேற்பட்ட வைத்தியக் கல்லூரி இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. பல் வைத்தியத்தையும் சேர்த்தால் தொகை ஏறக்குறைய 400. 2022-இல் சென்னை ஹைகோர்ட்டும் இச்சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. நல்ல சட்டம், நம் மனப்பூர்வமான ஆதரவு அதற்கு உண்டு.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6 பேர் 300-க்கு மேற்பட்டவராகப் பெருகிய அந்த வருஷம் எந்த வருஷம்? கொள்ளை நோய் காரணமாக 2020 மார்ச்சு முதல் பள்ளிகள் பூட்டிக்கிடந்த வருஷம்! கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி படாமல், மணியடிக்காமல், பிள்ளைகள் வீட்டில் அடைபட்டிருந்த காலத்தில்தான் இக்கோலின்படி நமது சர்க்கார் பள்ளிகளின் தரம் ஐம்பது மடங்குக்கு மேல் உயர்ந்தது. பள்ளி திறந்திருக்கும்போது தாழ்ந்தும், மூடியிருக்கும்போது உயர்ந்தும் காட்டுகிற கோல் பள்ளியை அளப்பதாக எப்படி ஒப்புக்கொள்வது? அது அளந்தது கல்லூரி வாயிலின் அகலத்தை. வாயிலைச் சற்று அகட்டினோம். உள்ளே சென்றவர் தொகை கூடிற்று. பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

எதிர்த்திசையிலும் இதையே காணலாம். 2017-இல் நீட் பரீட்சை தமிழ்நாட்டின்மேல் சுமத்தப்பட்டது. நீதிபதி ஏ. கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையின்படி, அதற்குமுன் வைத்தியக் கல்லூரி சேர்ந்தவர்களில் தமிழில் படித்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டியிருந்தனர். பின்னர் இரண்டை ஒட்டி இறங்கிவிட்டனர். ஒருமுறை எழுதித் தவறி, மறுமுறை எழுதிச் சேர்ந்தவர்களோ நூற்றுக்குப் பதின்மூன்றுக்குள் இருந்தவர்கள் எழுபதுக்கு மேலாகிவிட்டனர். தமிழ்வழி உபாத்தியாயர்கள் எல்லோரும் ஒரே கோடை விடுமுறையில் பாடம் சொல்ல மறந்துபோனார்களா? வாயிலில் வேறொரு காவலாளி வந்து நின்றான். ஒரு வருஷமும் இரண்டு வருஷமும் வீட்டில் உட்கார்ந்து, லட்சக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி பெறக்கூடியவனை அவன் உள்ளே விட்டான். வத்தல்மலையில் காப்பி பறித்தால்தான் அன்றைய அடுப்பு எரியும் என்றிருக்கும் வீட்டுப் பிள்ளை அப்படி உட்கார முடியுமா?

இங்கே தர்மபுரி ஜில்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு எல்லாவற்றிலும் குறைந்த ஜில்லா இதுதான். ராஜ்யத்தின் சராசரி நூற்றுக்கு 80 ஆக இருக்க, இங்கே 68.5. ஆனால் அதே காலத்தில் இந்த ஜில்லாவிலும் அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி, நாமக்கல் ஜில்லாக்களிலும் இருந்த தனியார் விடுதிப் பள்ளிகள்தாம் பன்னிரண்டாம் வகுப்பில் ராஜ்யத்தின் முதல் ராங்குகளை வாரிக்கொண்டு போயின. ராஜ்யமெங்குமிருந்து பெற்றோர் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தனர். ஒரே ஜில்லாவில் தலை மேகத்தைத் தொட்டது. கால் சேற்றில் கிடந்தது. தலையை மட்டும் அளந்து ஜில்லாவின் கல்வி ஓங்கிவிட்டதென்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய பொய்!

அந்தத் தலையும் எப்படி உயர்ந்தது என்பது ஊரறிந்த ரகசியம். வைத்தியத்துக்கும் இஞ்சினீயரிங்குக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கு மட்டுமே கணக்கில் சேர்ந்தபடியால், பல தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். இப்பள்ளிகளுக்கு ஜனங்கள் இட்ட பெயர் பிராய்லர் பள்ளி. கடுமையான பெயர்தான், ஆனால் பொருத்தமில்லாத பெயரென்று சொல்வதற்கில்லை. அங்கிருந்து அதிக மார்க்கோடு இஞ்சினீயரிங் கல்லூரி சேர்ந்தவர்களில் பலர் முதல் வருஷத்துக் கணிதத்திலேயே இடறி விழுந்தனர். சர்க்கார் விழித்துக்கொண்டு 2017-இல் ராங்கு வெளியிடும் வழக்கத்தை நிறுத்தியது; பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுப்பரீட்சை வைத்தது. 2025-இல் அந்தப் பரீட்சையும் கைவிடப்பட்டது. எதை அளக்கிறோமோ அதற்காகவே பள்ளி நடக்கும், அளக்காததெல்லாம் தள்ளுபடியாகிவிடும். இது மனித சுபாவம். சர்க்கார் பள்ளிகளையும் இதே கோலால் அளக்கத் தொடங்கினால் அவை வேறெப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம்?

நாம் அஞ்சுவது வீண் அச்சமல்ல. இப்பொழுது ஜில்லாவுக்கொன்றாக மாதிரிப் பள்ளிகள் ஏற்பட்டிருக்கின்றன. மற்ற சர்க்கார் பள்ளிகளிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் வைத்து, பெரிய கல்லூரிகளின் நுழைவுப் பரீட்சைகளுக்குத் தயார் செய்கிறார்கள். இவ்வழியாக உயர்ந்த கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் 2022-இல் 75 பேர், 2023-இல் 274 பேர், 2024-இல் 628 பேர் என்று சர்க்கார் கணக்குக் கொடுத்திருக்கிறது. இந்த 628 குடும்பங்களின் மகிழ்ச்சியில் நாமும் பங்குகொள்கிறோம். ஆனால் பொறுக்கியெடுத்த பள்ளியின் தொகையைக் காட்டி, பொறுக்கப்பட்ட பள்ளிகளின் தரம் உயர்ந்ததென்று சொல்வது தர்க்கமாகாது. பாட்னாவில் ஆனந்த் குமார் என்பவர் 2002 முதல் வருஷத்துக்கு 30 ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். சில வருஷங்களில் 30 பேருமே ஐ.ஐ.டி.யில் தேறினர். தேசமெங்கும் அவர் புகழ் பரவியது, தகுதியான புகழ்தான். அதைக் கொண்டு பீஹாரின் சர்க்கார் பள்ளிகள் சிறந்தவையென்று ஒருவரும் சொல்லத் துணியவில்லை.

மேலும், வகுப்பில் முதலில் நிற்கும் பிள்ளை ஜில்லாத் தலைநகரத்துக்குப் போய்விட்டால் அவ்வகுப்பு என்ன ஆகிறது? பக்கத்திலிருப்பவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் அவன். எங்கள் மகனும் இப்படிப் படிக்க வேண்டுமென்று ஊரார் சுட்டிக்காட்டியவனும் அவனே. போகவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. போனதற்கு ஈடாக அந்தப் பள்ளிக்கு என்ன கொடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்த எண்ணம் நம் தேசத்துக்குப் புதிதன்று. நாம் விரட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய எண்ணம். 1835-இல் மெக்காலே பிரபு தமது குறிப்பை எழுதியபோது, கோடிக்கணக்கான ஜனங்களுக்குக் கல்வி கொடுக்கச் சர்க்காரால் முடியாது, ஆகவே மேலே ஒரு சிறு வகுப்பாருக்குக் கொடுப்போம், அது அவர்கள் மூலம் கீழே வடியட்டும் என்பது ஆங்கில ஆட்சியாரின் கொள்கையாயிற்று. அது வடியவேயில்லை. 76 வருஷம் கழித்து, 1911-இல், எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய ஆரம்பக் கல்வி வேண்டுமென்று கோகலே இம்பீரியல் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அதற்கு ஆதரவாக 13 வோட்டும் எதிராக 38 வோட்டும் விழுந்தன. சட்டசபையில் மசோதா தோற்றது. ஆயினும் தேசீய இயக்கம் அந்தக் கோரிக்கையை விடவில்லை. 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தபோது, கிராமத்துக் கடைசிப் பிள்ளையை மனத்தில் வைத்தே வகுத்தார். தர்மபுரிக்கு அருகிலுள்ள பாப்பாரப்பட்டியில், சிறையில் குஷ்டம் பற்றிய உடம்போடு பாரதாசிரமம் அமைத்து, 1925-இல் அங்கேயே உயிர் நீத்தார் சுப்பிரமணிய சிவா. அவர் எந்த ஜனங்களின் மத்தியில் வந்து தங்கினார் என்பதை அந்த ஜில்லாவின் தேசபக்தர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

இப்பொழுது நம் நண்பர்களில் சிலர் ஓர் ஆட்சேபம் கூறுவர். ஏழைப் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. எதற்கு என்று கேட்கும் கூட்டத்தோடு நீங்களும் சேர்ந்துவிட்டீர்களா என்பர். சேரவில்லை. அண்மை வருஷங்களில் பச்சைமலையிலும் கல்வராயன்மலையிலும் சர்க்கார் உறைவிடப் பள்ளிகளில் படித்த பழங்குடி மாணவியர் திருச்சி என்.ஐ.டி.யிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இடம் பெற்றதை ஒரு சரித்திர சம்பவமாகவே கருதுகிறோம். வத்தல்மலைப் பெண் ஒருத்தி அப்படிச் செல்லும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். வாயிலில் அநியாயம் நடக்கிறதா என்று அறிவதற்கு இத்தொகை மிகவும் உபயோகமானது. 4,043-இல் 6 என்னும்போது அநியாயம் நடந்தது என்பது நிச்சயம். ஆனால் 300 ஆனதும் பள்ளி சீராகிவிட்டது என்பது அதிலிருந்து கிடைக்காத முடிவு. பன்னிரண்டாம் வகுப்பு எழுதுவோர் வருஷத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் பேர். 2019-20-இல் நிரப்பப்பட்ட அந்த 4,043 வைத்திய இடங்களைக் கொண்டு பார்த்தால் ஏறக்குறைய 200 பேருக்கு ஒன்று. மிச்சம் 199 பேர் என்ன கற்றார்கள் என்று இந்தக் கோல் ஒரு வார்த்தையும் சொல்லாது.

வாயிலைத் திறப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யம் 1997-இல் ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு ஹைஸ்கூலிலும் முதல் பத்து சதவிகிதத்தில் வருபவர்களுக்கு ராஜ்யத்தின் சர்வகலாசாலைகளில் இடம் உறுதி என்பது அது. பெரிய ஊர்ப் பள்ளியானாலும் பாலைவனத்து ஓரப் பள்ளியானாலும் ஒரே விதி. நம் ஏழரை சதவிகிதமோ சர்க்கார் பள்ளிகள் யாவற்றையும் ஒரே குவியலாக்கி நீட் மார்க்கின்படி வரிசையிடுகிறது. அந்த வரிசையில் பயிற்சிக்கூடம் பக்கத்திலுள்ள டவுன் பள்ளி முந்தும். மலைப் பள்ளி பிந்தும். சர்க்கார் பள்ளிகளுக்குள்ளேயே மேல்சாதி கீழ்சாதி ஏற்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

அப்படியானால் வத்தல்மலைப் பள்ளியை எதைக் கொண்டு அளப்பது? நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். இம்மலையில் ஒரு வருஷம் முதல் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர், பன்னிரண்டு வருஷம் கழித்து அவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர் எத்தனை பேர் என்ற கணக்கே முதலில் வேண்டும். நெடுங்காலம் மேல்வகுப்பு வேண்டுமானால் மலையைவிட்டு இறங்கி, கீழே விடுதியில் தங்கவேண்டியிருந்தது. இறங்கிய பிள்ளைகளில் பலர் திரும்பி ஏறினார்களேயன்றி மேலே படிக்கவில்லை. அவர்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. பரீட்சைக்கே வராதவனைத் தவறியவனாகக்கூட யாரும் எழுதுவதில்லை. பள்ளி தன் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட்டால் அதன் தேர்ச்சி விகிதம் உயர்கிறது! இந்த விநோதத்தைக் கல்வி அதிகாரிகள் அறியாமலில்லை.

மூன்றாம் வகுப்பில் இருப்பவன் தமிழில் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கிறானா, ஐந்தாம் வகுப்பில் இருப்பவள் சந்தையில் சாமை விற்ற கணக்கைக் கழித்துப் பெருக்கிச் சொல்கிறாளா என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணும் எழுத்தும் என்ற திட்டத்தை 2022-இல் சர்க்கார் தொடங்கியது இதற்காகத்தான். அதன் பலனைப் பள்ளிவாரியாக ஊராருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். 628 என்ற எண்ணை வெளியிடும் உற்சாகம் அதிலும் வேண்டும். உபாத்தியாயர் இடங்கள் எத்தனை காலி, இருப்பவர் வருஷத்தில் எத்தனை நாள் மலைமேல் இருந்தார் என்ற கணக்கும் அதோடு சேர வேண்டும். பழங்குடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகள் தனி இலாகாவின் கீழ் நடந்து வந்திருக்கின்றன. பல இலாகாக்களின் பள்ளிகளைக் கல்வி இலாகாவின் கீழ் கொண்டுவருவதாக 2023-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். எந்த இலாகாவாயினும் பொறுப்பேற்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

நம் வாசகர்களில் தர்மபுரி ஜில்லாவில் பொது வேலை செய்பவர்கள் பலர் இருக்கின்றனர். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் சட்டப்படி ஏற்பட்டிருக்கின்றன. பெற்றோரே அவற்றில் பெரும்பான்மை. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு மலையேறிச் செல்லும் நண்பர்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அதில் எழுதப்பட்ட பெயர்களை ஊரார் முன்னிலையில் ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். இந்தப் பிள்ளை இப்பொழுது எங்கே என்று பெயர்தோறும் கேட்கட்டும். கிடைக்கும் விடைகளை அப்படியே எழுதி ஜில்லாக் கலெக்டருக்கு ஒரு பிரதியும் நமக்கு ஒரு பிரதியும் அனுப்பினால், கலெக்டர் என்ன செய்கிறாரென்று பார்த்துக்கொண்டு நாம் நமது பிரதியைப் பிரசுரிப்போம்.